முதல் பக்கத்துச் சண்டை

மாதேவிக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள். கல்யாணப் பெண்ணுக்குச் சேலை கட்டிவிடப் போன இடத்தில் அறைக்குள் நாலு பேர் நின்று யோசனை சொன்னால், பின்னூசியை வாயில் கவ்வியபடியே நாலு பேரையும் வெளியே அனுப்பிவிடுவாள்.

மார்டள்ளி கிராமத்தில் பிறந்து மைசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பல வருஷம் கார்மெண்ட்ஸில் தையல் மிஷினோடு மல்லுக்கட்டினாள். அங்கே தண்ணீர் குடிக்கப் போவதற்கும் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதை உதறிவிட்டுச் சேலை கட்டிவிடும் தொழிலுக்கு அவள் வந்தபோது, எதிர்வீட்டுக்காரியான எனக்கே அவ்வளவு சந்தோஷம். எங்கள் தெரு பிரசாந்த் அவளுக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தான். ‘மைசூரின் நம்பர் ஒன்’ என்று திரும்பத் திரும்ப எழுதி, ஊரில் உள்ள அத்தனை ஏரியா பெயரையும் அதில் திணித்தான். நெட்டில் தேடினால் அவள்தான் முதலில் வந்தாள். போன் ஓயாமல் அடித்தது.

அப்போதுதான் சுசித்ரா என்ற அம்மா, மூத்த மகள் கல்யாணம் முடிந்த கையோடு அந்த வெப்சைட்டில் ஒரு ரிவ்யூ எழுதினார். சேலை கட்ட நேரமாக்கினாள், என் மாமியாரை அறையை விட்டு விரட்டினாள், ஒரே ஒரு நட்சத்திரம்.

மாதேவி மார்டள்ளிக்குப் போன் போட்டாள். சொந்தபந்தம் மொத்தமும் கிளம்பி வந்து ஐந்து ஐந்து நட்சத்திரமாகக் கொட்டியது. “மாதேவி நல்ல புள்ள. சின்னதுல இருந்தே தெரியும். மாப்பிள்ளையக் கேட்டதாச் சொல்லு” என்று எழுதியிருந்தார் சித்தப்பா சென்னப்பன். சேலையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

கொஞ்ச நாளில் தேடுபொறி தன் விதிகளை மாற்றியது. தம்பட்டம் மட்டும் அடிக்கும் தளங்கள் பின்னுக்குப் போயின. மாதேவி நாலாம் பக்கத்தில் கிடந்தாள்.

“அல்காரிதத்த மாத்திட்டாங்க அக்கா” என்றான் பிரசாந்த்.

“ஆரக் கேட்டு மாத்துனாங்க?”

அவன் பயந்துபோய்ச் சொந்தக்காரர்கள் எழுதியதை எல்லாம் நீக்கினான். மிஞ்சியது சுசித்ராவின் புகார் மட்டும்.

“அதையும் எடுத்துப்போடு” என்றாள்.

“ஒரு ரிவ்யூகூட இல்லாட்டி யாரு அக்கா நம்புவாங்க?”

முகூர்த்த மாதம் பிறந்தும் போன் அடிக்கவில்லை. இந்த மாதமும் இப்படியே போனால் திரும்பவும் கார்மெண்ட்ஸ்தான். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும்.

“நாஞ் சொல்றத எழுது” என்று பிரசாந்தை உட்காரவைத்தாள். சுசித்ராவுக்கு வரிக்கு வரி பதில் சொன்னாள். பிளவுஸில் கை நுழையவில்லை, அதைப் பிரித்துத் தைத்தது யார்? கனமான பார்டர் வைத்த புதுப்பட்டுக்கு முந்தின நாளே மடிப்பு எடுத்து அயர்ன் போட்டுக் கிளிப் குத்தி வைக்க வேண்டும். நீங்கள் சேலையைக் கையில் கொடுத்ததே அன்று காலையில்தான். கட்டக் கட்ட உங்கள் மாமியார் கொசுவத்தைப் பிடித்து இழுத்தார். பிரித்துப் பிரித்துக் கட்டினேன். கடைசியில்தான் வெளியே போகச் சொன்னேன். பந்தி முடியும்வரை ஒரு மடிப்பு நகர்ந்ததா?

பிரசாந்த் சிரித்துக்கொண்டே புகாரையும் பதிலையும் சேர்த்து ஒரு தனிப் பக்கமாகப் போட்டான்.

முதல் போன் நஞ்சன்கூட்டிலிருந்து வந்தது. “அக்கா, எனக்கு அத்தைங்க அஞ்சு பேரு. வந்து சமாளிப்பீங்களா?” என்று கேட்டது ஒரு பெண். அப்புறம் போன் நிற்கவே இல்லை. தளம் மறுபடியும் முதல் பக்கத்துக்கு ஏறிவிட்டது. வேலை தெரிந்தவர் சொல்வதற்குத்தான் இப்போது மதிப்பு, வருகிறவர்களும் கடைசிவரை படிக்கிறார்கள் என்று பிரசாந்த் காரணம் சொன்னான். எல்லாம் அவன் ஊகம்தான்.

ஒரு மத்தியானம் நான் அவள் வீட்டில் இருந்தபோது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“நான் சுசித்ரா பேசறேன். என்னங்க இது, சேலை கட்டறவங்கன்னு தேடினா நம்ம சண்டைதான் ஃபர்ஸ்ட் வருது! சின்னவளுக்குச் சம்பந்தம் முடிவாகியிருக்கு. மாப்பிள்ளை வீட்டுல பாத்தா என்ன நெனைப்பாங்க? எடுத்துடுங்க, ப்ளீஸ்.”

எடுத்தால் மறுபடியும் நாலாம் பக்கம். மாதேவி கத்தப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

“எடுத்துடறனுங்க” என்றாள். “புள்ள கல்யாணத்துக்கு மேல என்ன இருக்குது.”

அந்தப் பக்கம் யாரோ போனைப் பிடுங்கும் சத்தம். பிறகு ஒரு வயதான குரல்.

“எடுக்காதேம்மா! இவ பேரை மட்டும் எடு, போதும். நீ வெளிய அனுப்பினியே, அந்த மாமியார்தான் பேசறேன். அன்னிக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்ல. ஆனா பொண்ணு சேலைய மாத்தறவரைக்கும் ஒரு மடிப்பு அசையலியே! சின்னவளுக்கும் நீதான் கட்டணும்.”

மாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது.

“கட்டறனுங்க. ஆனா நீங்க ரூமுக்குள்ள வரக் கூடாது.”

“வரல. வெளிய கதவுகிட்ட சேர் போட்டு உக்காந்துக்கறேன். ஒருத்தரையும் உள்ள விடமாட்டேன்.”