எங்கள் நைனா இன்று பேசினார்

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். அம்மாவின் போனோடு குளியலறையில் ஒளிந்து எழுதுகிறேன். தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள். ஆனால் சொல்லாமல் தூக்கம் வராது.

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் மீனவர் குப்பத்தில் அப்பாக்கள் மாலையில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் திட்டம் நடக்கிறது. அடுத்த வருடமும் நிதி தரலாமா என்று பார்க்க இன்று ஒரு மேடம் வந்தார்.

"வலையில இறால் நல்லா பட்டா எல்லாரும் ஏரிக்குப் போயிடுவீங்க. பிள்ளைங்களோட யார் உட்காருவா?" என்று மேடம் கேட்டார்.

திட்டம் போயிற்று என்றே நினைத்தேன்.

எந்தக் கூட்டத்திலும் வாயே திறக்காத எங்கள் நைனா, அதான் என் அப்பா, எழுந்தார்.

"ஏரில எந்த நாளு யாரு வலை போடணும்னு பாடு வச்சிக்கிறோம்மா. ஒருத்தன் மொறயில இன்னொருத்தன் எறங்க மாட்டான். அதே மாதிரி புள்ளைங்களுக்கும் பாடு போட்டுட்டோம். இன்னிக்கி என் மொற. அதான் வலைய மடிச்சி வச்சிட்டேன்."

"உனுக்குக் கையெழுத்தே வராது, நீ இன்னாபா சொல்லித் தருவ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"வராதுதான். எம் பொண்ணு படிச்சி முடிக்கிற வரிக்கும் பக்கத்துல குந்திகினு இருப்பேன்."

மேடம் சிரித்தார். நிதி உண்டு என்று அங்கேயே சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை!

அப்புறம் என் பக்கத்தில் குந்திய பத்தாவது நிமிடமே நைனா குறட்டை விட்டதை மட்டும் மேடத்திடம் சொல்லிவிடாதீர்கள். உங்கள் அப்பாக்கள் எத்தனை நிமிடம் தாங்குவார்கள்? எழுதுங்கள், நான்

ஐயோ, கதவைத் தட்டுகிறார்கள்