மிளகிலைப் பச்சை

பறித்த மிளகிலை, பெயின்ட் கடைக்குப் போய்ச் சேரும்வரை அதே பச்சையில் இருக்கும் என்று நம்பியவன் நான். எங்கள் ஊர் பல்லேபொலையில் வேலிக்கு வேலி மிளகுக்கொடி. அந்தக் கொடிகளுக்கு நடுவிலேயே ஐம்பது வயதைத் தாண்டியவனுக்கு இவ்வளவுதான் அறிவு.

எல்லாம் என்னைவிட மூத்த ஓர் இங்கிலாந்துக் காரால் வந்தது. மகளின் பிரசவத்துக்காகக் கட்டாருக்குப் புறப்பட்ட அன்று, மனைவி ஷெட்டை எட்டிப் பார்த்தாள்.

"இதை முதல்ல ஓட வைங்க. மாசித் தேருக்கு வந்துருவேன். எயார்போட்டுலருந்து இதுலதான் வருவேன்."

கிண்டலாகத்தான் சொன்னாள். நான் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டேன். பேரன் குப்புற விழுந்தான் என்று செய்தி வந்தபோது சீட் தைத்து முடிந்திருந்தது. தவழ்கிறான் என்றபோது கதவுகள். மிச்சம் எஞ்சினுக்குப் பெயின்ட் மட்டும். அதைச் சரியாகச் செய்துவிட்டால் அவள் வந்துவிடுவாள் என்று ஒரு கணக்கு எனக்குள் ஓடியது.

"சில்வர் அடிச்சிருவோம் சேர், பளபளன்னு இருக்கும்" என்றார் மெக்கானிக். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பிறந்தபோது என்ன நிறமோ அதுதான் வேண்டும். எஞ்சினைத் தரையில் இறக்கி, டைனமோவைப் பிடித்திருந்த இரும்பைக் கழற்றியபோது, அதன் அடியில் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு பழைய பெயின்ட் அப்படியே இருந்தது. பச்சை. சுரண்டி எடுக்கப் பயம். இருக்கும் ஒரே சாட்சியும் உதிர்ந்துவிட்டால்? போட்டோ எடுத்தால் ஒரு தடவை நீலம், ஒரு தடவை சாம்பல். கோபத்தில் எல்லாப் போட்டோவையும் அழித்தேன். பிறகு ஷெட் பல்புக்குக் கீழே வெற்றிலை, கோப்பி இலை, பலா இலை என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, கடைசியில் மிளகிலை பொருந்தியது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாத்தளைக்குப் பஸ் ஏறினேன்.

கடையில் வெளியே எடுத்தால், வியர்வையில் வெந்து கறுத்துத் துவண்டிருந்தது.

"என்ன அண்ணே, கசாயத்துக்கா?" என்றார் கடைக்கார நானா.

"பெயின்டுக்கு நானா. இந்தக் கலர்."

"இது மவுத்தாப் போச்சே."

"காலையில உசிரோட இருந்துச்சு."

சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஊட்டுல யாரும் இருந்தா எஞ்சினை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்களேன். குத்துமதிப்பா கலந்து பாப்பம்."

யாருமில்லை என்பது ஒரு சின்னச் சொல். வாயில் வரவில்லை. போனை எடுத்துத் தெருப்பக்கம் திரும்பி, யாருக்கும் அடிக்காமலே காதில் வைத்தேன்.

"நான்தான். ஷெட்டுக்குப் போய் ஒரு போட்டோ எடு... என்ன, குளிக்கப் போறியா? சரி சரி, ஆறுதலா எடு."

பதிலுக்கு இடம் விட்டு விட்டுப் பேசினேன். அவ்வளவு நன்றாக நடித்ததில், அவசரத்துக்குக் குளியலைக்கூடத் தள்ளிப்போட மாட்டேன் என்கிறாளே என்று அவள்மேல் எனக்கே எரிச்சல் வந்தது.

நானா டின்னைத் துடைத்தபடி கேட்டார். "அக்கா கட்டாருலருந்து எப்ப வந்தாங்க?"

மறந்தே போனேன். போன மாதம் இதே மேசையில் சாய்ந்துகொண்டு அவள் போன கதையை இவருக்கு நீட்டி முழக்கியவன் நான்தான். இவருக்கு மட்டுமா, பஸ் கொண்டக்டருக்கும்.

நானாவே கலர் அட்டைப் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "கொண்டு போங்க, நாளைக்குத் தந்தா போதும்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இல்லை. ஷெட்டை மறைத்திருந்த தகரத்தை விலக்கினேன். வெயில் நேராக அந்தப் பழைய பெயின்ட் பொட்டில் விழுந்தது. பல்பில் பார்த்த பச்சை இல்லை அது; கறுப்பைத் தொட்ட பச்சை. சட்டைப் பையிலிருந்த செத்த இலையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அச்சாக அதே நிறம். வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பார்த்தியா என்று சொல்லத் திரும்பினேன். பின்னால் பானட் இல்லாத கார் நின்றது.

இலையையும் பொட்டையும் சேர்த்துப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பின்னேரம் பதில் வந்தது. "நல்லா இருக்கு. சின்னவன் நிக்கப் பழகுறான். டிக்கட்டைத் தள்ளிப் போட்டாச்சு."

எஞ்சினுக்கு அந்தக் கடும் பச்சையையே அடித்தேன். கார் ஓடுகிறது. மாசித் தேருக்கு அவள் வரவில்லை.