நடுவயதுக்காரர்கள் எல்லோருக்கும் முழு மார்க்

ஏழாயிரம்பண்ணையில் என் சர்வே குளறுபடியாகிவிட்டது. இளையவர், நடுவயது, முதியவர் என்று மூன்று பிரிவு, எல்லோருக்கும் மனநிம்மதியைப் பற்றி ஒரே கேள்விகள். வீட்டோடு இருக்கும் பெரியவர்கள், "தூக்கமே இல்ல தாயி" என்று கொட்டித் தீர்த்தார்கள். பட்டாசுக் கம்பெனி வாசலில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் பிடித்த நடுவயதுப் பெண்களோ, மூட்டுவலியும் பிள்ளைகள் கவலையும் இருந்தும், ஒருத்தர் பாக்கியில்லாமல் முழு மார்க்.

மேலதிகாரி போனில் கத்தினார். "என்னம்மா இது, நீங்களே உக்காந்து டிக் அடிச்சீங்களா?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் கம்பெனி வேனில் திரும்பும்போது பக்கத்தில் பேச்சி. பட்டாசுக் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்துகிற வேலை. அவளும் முழு மார்க் வாங்கியவள்தான். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். திருப்பூருக்குப் போன மகன் போனை எடுப்பதே இல்லையாம்.

"பெறகு ஏன் பேச்சி, மனசு நிம்மதியா இருக்குன்னு சொன்ன?"

"காலைல போர்மேனும் இதத்தானக்கா கேக்காரு. சரியில்லன்னா மருந்து ரூமுக்குள்ள விடமாட்டாரு, வீட்டுக்குப் போன்னுருவாரு. சீசன்ல எடம் போச்சுன்னா போனதுதான்."

போர்மேனைக் குறை சொல்ல முடியாது. அந்த அறையில் ஒரு கை தடுமாறினால் எல்லோர் உயிருக்கும் ஆபத்து. அதே கேள்வியைத்தான் நானும் அதே வாசலில் நின்று கேட்டிருக்கிறேன், பதிலை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுத்து. சொன்னால் இவள் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால்?

மறுநாள் காலை வாசலில் போய் நின்றேன், எதற்கென்று தெரியாமலே.

"என்ன பேச்சி, மனசு சரியாருக்கா?" என்றார் போர்மேன்.

"இருக்குண்ணே."

என் வாய் முந்திக்கொண்டது. "அண்ணாச்சி, பேச்சிகிட்ட இன்னும் கேள்வி பாக்கி இருக்கு. இன்னைக்கு மட்டும் லேபிள் ஒட்டுற எடத்துல உக்கார விடுங்களேன்."

"சீசன் நேரத்துல ஏன் மேடம் உசுர வாங்குதீக?" என்று முனகிக்கொண்டே விட்டார்.

கேட்பதற்கு என்னிடம் ஒரு கேள்வியும் இல்லை. அவளோடு உட்கார்ந்து நானும் லேபிள் ஒட்டினேன்.

வேலை முடிந்ததும் பேச்சி, "நாளைக்கும் வருவீகளாக்கா?" என்றாள்.

மறுநாள் எனக்கு வெம்பக்கோட்டையில் சர்வே. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் கம்பெனி வாசலில் கேட்பதில்லை. வீடு தேடிப் போகிறேன். உண்மையைச் சொல்கிறார்கள். சொன்னவர்களை மறுநாள் யார் பார்த்துக்கொள்வது என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.