சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப்

கேமரா ஓடும்போது அதன் முன்பக்கம் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். அவர் அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருப்பார். வாரம் ஒரு பெரிய செய்தியை ஒரு மணி நேரம் தோண்டித் துருவும் டி.வி. நிகழ்ச்சியின் கேமராமேன் அவர். அலுவலகத்தில் வைத்த பெயர் கொக்கு. பேட்டி முடிந்தது என்று சொல்லி நிருபரம்மா வெளியே போய்விடுவார். கொக்கு மட்டும் கேமராவை ஓடவிட்டுக்கொண்டே ஒயரைச் சுருட்டுகிற பாவனையில் நிற்பார். எதிரே இருப்பவர்கள் அப்பாடா என்று பெருமூச்சு விட்டு, அதுவரை மென்று விழுங்கியதையெல்லாம் கக்கிவிடுவார்கள். பெரிய பெரிய அதிகாரிகள் அப்படித்தான் மாட்டினார்கள். நல்லது, அவர்களுக்கு வேண்டியதுதான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடமும் இந்த மனுஷன் அதே வித்தையைக் காட்டினார். அழுகை கேட்டவுடன் வராது, காத்திருக்க வேண்டும் என்று பெருமை வேறு அடித்துக்கொள்வார்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரி தீப்பிடித்து எரிந்தது. பூட்டிக் கிடந்த பின்கதவை உடைத்து நோயாளிகளை வெளியேற்றிவிட்டு, கடைசியில் தானே உள்ளே சிக்கிச் செத்தார் அங்கே வேலை பார்த்த எலக்ட்ரீசியன். கொக்குவின் தங்கை புருஷன்தான் அவர். ஒயரெல்லாம் இற்றுப்போய்விட்டது, மாற்றுங்கள் என்று முதலாளியிடம் எத்தனையோ முறை கெஞ்சியிருந்தார். அது தெரிந்தவள் தங்கை ஒருத்திதான். அவள் சொன்னால் முதலாளி கம்பி எண்ணுவது நிச்சயம். அவளோ எந்த டி.வி.க்கும் முகம் காட்டவில்லை. நிருபரம்மா கொக்குவைத் தூது அனுப்பினார்.

"பயமா இருக்கு அண்ணா," என்றாள்.

"கேமராவுக்குப் பின்னாடி நிக்கப்போறதே நான்தானே. அப்புறம் என்ன பயம்?"

தங்கை திக்காமல் திணறாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நிருபரம்மா நன்றி சொல்லிவிட்டு வழக்கம்போல வெளியே போனார். மைக் இன்னும் தங்கையின் தோளில்தான் இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

"உன்கிட்ட மட்டும் சொல்றேன். அன்னிக்கு அவர் கொஞ்சம் குடிச்சிருந்தார். நான்தான் திட்டி வேலைக்கு அனுப்பினேன். பிள்ளைங்களுக்கு இது தெரியவே கூடாது அண்ணா."

ஒரு பட்டனை அழுத்திக் கேமராவை நிறுத்தினால் தீர்ந்தது. கொக்குவின் கை லென்ஸுக்குப் போய், அவள் முகத்தை இன்னும் கிட்டே இழுத்தது. பழக்கதோஷம் என்றே வைத்துக்கொள்வோம். அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் அதை அழித்திருக்கலாமே? இப்படி ஒரு ஷாட் இனி அமையாது என்ற சபலத்தில் அப்படியே ஒப்படைத்தார், பாவி.

ஊரே பார்த்தது. முதலாளியின் வக்கீல் அந்தத் துண்டை மட்டும் கோர்ட்டில் போட்டுக் காட்டினார். குடிகாரனால் வந்த தீ என்று கதை மாறியது. முதலாளி கைவீசிக்கொண்டு வெளியே வந்தார். நிகழ்ச்சிக்கு விருது கிடைத்தது, அதுவும் ஒளிப்பதிவுக்கு.

விருது வாங்கிய மறுவாரம் தங்கை கொக்குவின் வீட்டுக்கு வந்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்து ஒடுங்கி நின்றார். அவள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, பெரியவன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான், அப்பா படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டான் என்று சொன்னாள்.

"நீ இருக்கிற தைரியத்துலதானே அண்ணா வாயைத் திறந்தேன்."

காலில் விழுந்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். ஜன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் கச்சிதமாகப் படிந்திருந்தது. இமையோரம் ஒரு சொட்டுத் திரண்டு நின்றது. அது உருளட்டும் என்று கொக்கு காத்திருந்தார்.