முனியசாமி அடிக்காத அடி

1. டீக்கடைக் கேள்வி

திருச்சுழி அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்த முதல் நாள், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என் சொந்த ஊரைக்கூட யாரும் விசாரிக்கவில்லை. நான் குத்துச்சண்டை ரெஃப்ரி என்ற செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"சார், உலகத்துலயே பெரிய பாக்ஸர் யாரு? ஒரே ஒரு பேரு சொல்லணும்."

கேட்டவர் தாலுகா ஆபீஸ் கிளார்க் கருப்பசாமி. அவருடன் இருந்தவர் பந்தல்குடி லாரி டிரைவர் இருளப்பன். இருவரும் செல்போனில் பழைய ஃபைட் எதையும் விட்டுவைத்ததில்லை.

"மொத ரவுண்டுலயே ஆளச் சாச்சுட்டுப் போறவன்தான் பெரிய பாக்ஸரு. டிக்கெட் வாங்குனவன் உக்காருறதுக்குள்ள முடிச்சிரணும்" என்றார் இருளப்பன்.

"ஏலே, முட்டுறதுன்னா மாடுகூட முட்டும். ஒரு ஃபைட்டுலயும் தோக்காம, மூஞ்சி கலையாம ரிட்டயர் ஆனாருல்ல, அவுகள மிஞ்ச ஆளு உண்டா?" என்றார் கருப்பசாமி.

யுத்தத்துக்குப் போக மாட்டேன் என்று சொல்லிப் பட்டத்தை இழந்தவரைப் பற்றி நான் கேட்டேன். இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "அவர இதுல சேக்கக் கூடாது சார். அவரு சாமி!"

எடை வேறு, காலம் வேறு, ஒப்பிட முடியாது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பல வருஷம் அப்படியே தப்பித்தேன்.

2. மூன்றாவது வார்னிங்

இருளப்பனின் தம்பி முனியசாமி லோடுமேன். மூட்டை தூக்கிய தோள், வலது கையில் அப்படியொரு பலம். மாவட்ட ஃபைனலில் ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அங்கே மெடல் வாங்கினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்கு வழி உண்டு. வயது வரம்பில் அவருக்கு அதுதான் கடைசி வருஷம்.

அருப்புக்கோட்டையில் ஃபைனல். எதிராளி காரியாபட்டி செந்தில். ரெஃப்ரியாக என்னைப் போட்டிருந்தார்கள். தெரிந்தவரின் தம்பி என்பதால் நான் கூடுதல் கண்டிப்பாக இருந்தேன். முதல் ரவுண்டிலேயே, பிடித்துக்கொண்டு அடித்ததற்காக முனியசாமிக்கு இரண்டு வார்னிங் கொடுத்தேன். மூன்றாவது கொடுத்தால் அவர் அவுட்.

இரண்டாவது ரவுண்டில் அவருடைய வலது கை செந்திலின் காதோரம் விழுந்தது. செந்தில் முழங்காலில் உட்கார்ந்தார். எண்ணத் தொடங்கினேன். ஆறில் எழுந்து கையைத் தூக்கினார். எட்டு வரை எண்ணிவிட்டு, "ஓகேயா?" என்றேன். தலையாட்டினார். சண்டையைத் தொடரச் சொல்லிக் குரல் கொடுத்தேன்:

"பாக்ஸ்!"

இன்னும் ஒரு அடி போதும், ஃபைட் முடிந்துவிடும். முனியசாமி நெருங்கிப் போனார், கையை ஓங்கினார். அடிக்கவில்லை. பின்னால் வந்துவிட்டார்.

"பாக்ஸ்!" என்றேன் மறுபடியும். அவர் கையைத் தொங்கப்போட்டுவிட்டு நின்றார். கூட்டம் கத்தியது. "அடிடா! என்னடா பாக்குற?" என்று இருளப்பனின் குரல் தனியாகக் கேட்டது.

சண்டை போடாமல் நிற்பது தப்பு. அதைவிடப் பெரிய தப்பாக, முனியசாமி கிளவுஸாலேயே பல்லைக் காக்க வாயில் மாட்டியிருந்த கம்ஷீல்டைத் தள்ளித் துப்பினார். ஃபைட்டை நிறுத்தி, வார்னிங் கொடுக்க அவர் பக்கம் போனேன்.

"சார், என்னைய அவுட்டுன்னு சொல்லுங்க, பரவால்ல. அவுக கண்ணப் பாருங்க சார். என்னையப் பாக்கல, வேற எங்கிட்டோ பாக்குறாக."

திரும்பினேன். செந்தில் கையை ஒழுங்காகத் தூக்கி வைத்துக்கொண்டு, யாருமே இல்லாத மூலையைப் பார்த்து நின்றார். ஒரு கண்ணின் பாப்பா பெரிதாகியிருந்தது. நான் டாக்டரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவர் கால் மடங்கியது. முனியசாமிதான் தாங்கிப் பிடித்தார்.

மதுரைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். தலைக்குள் ரத்தக்கசிவு, அன்றைக்கே ஆபரேஷன். இன்னொரு அடி விழுந்திருந்தால் கொண்டுவந்தும் பயன் இருந்திருக்காது என்றார் அங்கிருந்த டாக்டர்.

3. பிறகு

செந்தில் பிழைத்தார். ரிங்குக்குத் திரும்பவில்லை. இப்போது காரியாபட்டியில் பைக் மெக்கானிக்காக இருக்கிறார். செந்தில் தொடர முடியாமல் போனதால், மூன்றாவது வார்னிங் வாங்காமலேயே அந்த ஃபைட்டில் ஜெயித்ததாக அறிவிக்கப்பட்ட முனியசாமி, மாநிலப் போட்டியின் முதல் சுற்றிலேயே தோற்றார். போலீஸ் வேலை கிடைக்கவில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டார், மறைக்கவும் இல்லை. ஆனால் அன்று அடிக்காததற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

டீக்கடையில் அந்தப் பழைய கேள்வி மறுபடி வந்தபோது, இந்த முறை தப்பிக்காமல் முனியசாமியின் பேரைச் சொன்னேன். "எங்க தம்பியப் பெரிய பாக்ஸருன்னு சொல்லிராதீங்க சார்" என்றார் இருளப்பன். "ரைட்டுக் கைய விட்டா அவனுக்கு ஒண்ணும் வராது."

கருப்பசாமி முதல் முறையாக அவரோடு வாதாடவில்லை. நான்தான் வாதாடினேன்.

"அவரவிட வேகமான கையி எத்தனையோ பாத்துட்டேன். ஓங்குன கைய அந்த நேரத்துல நிப்பாட்டுன ஆளு வேற யாரும் இல்ல. உலகம் ஒத்துக்கிடாது. நான் ரிங்குக்குள்ள நின்னு பாத்தவன், எனக்கு அவருதான்."

இருளப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஃபைனல் பற்றிய ரிப்போர்ட்டில் நான் நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தேன்: 'போட்டியாளர் கவனித்ததை நடுவர் கவனிக்கவில்லை.' ஒருவரின் தப்பையே தேடிக்கொண்டிருந்ததில் மற்றவரின் உயிரைப் பார்க்கத் தவறியிருந்தேன். அந்த வருஷம் முழுக்க எனக்கு ஃபைட் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

இப்போது ரெஃப்ரியாக வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. தலையாட்டுவதை நம்பாதீர்கள். எட்டு எண்ணி முடித்ததும், "என்கிட்ட நடந்து வாங்க" என்று சொல்லுங்கள். ரிங்குக்குத் திரும்பிய பிறகு நான் அப்படித்தான் செய்தேன். இரண்டு பேர் என்னிடம் வராமல் கயிற்றுப் பக்கம் நடந்தார்கள். இரண்டு ஃபைட்டையும் நிறுத்தினேன். கூட்டம் என்னை வாய்க்கு வந்தபடி திட்டியது. அந்த இருவரும் அன்றைக்குச் சாயந்திரம் தங்கள் காலாலேயே நடந்துபோய் பஸ் ஏறினார்கள்.