அம்மா திருத்த வைத்த கட்டம்

எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் மாணவர் விவரப் படிவத்தை வகுப்பாசிரியரே நிரப்பிவிடுவார். எங்கள் காலனிப் பிள்ளைகள் என்றால், பெற்றோர் தொழில் என்ற கட்டத்தில் யாரையும் கேட்காமல் ‘கூலி’ என்று எழுதிக்கொண்டே போவார். வயல் வேலையை விட்டு எங்கள் பெற்றோர் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் போய் வருடக்கணக்காகியிருந்தது. கூலி வேலை கேவலமில்லை. கேட்காமலே எழுதியதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நான் ஒன்பதாவது படித்தபோது, பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு நேராக வந்தாள். கையெழுத்துக்காக நீட்டிய படிவத்தை முழுதும் படித்தாள். பேனாவை மூடிவிட்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“இதுல இன்னா போட்டுக்குது சார்?”

“மெஷின் ஆபரேட்டர்.”

“அதையே எழுதுங்க.”

“எல்லாம் ஒண்ணுதானேம்மா,” என்றார் ஆசிரியர்.

“ஒண்ணுதான்னா உங்க புள்ள படிவத்துலயும் கூலின்னே எழுதிட்டு வாங்க சார். அப்பால நான் கையெழுத்து போடறேன்.”

அவர் ‘கூலி’யை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். அம்மா நிதானமாகக் கையெழுத்திட்டு நகர்ந்தாள்.

வரிசையில் அடுத்து நின்ற எங்கள் காலனி அக்கா, கவரைப்பேட்டையில் பேக்கிங் வேலை பார்ப்பவர், தன் அட்டையை ஏற்கெனவே கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும்தான்.