புரட்டாசியில் ஏறிய சீனி

புலாவ் செபாங் தோட்டத்தில் செம்பனைக் குலை அறுத்தேன். தஞ்சோங் கிளிங்கில் மீன் பெட்டி தூக்கினேன். எந்த வேலையிலும் இரண்டு வருடம் தங்கியதில்லை. படிப்பு மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு சரி. பஸ் லைசென்ஸ் மட்டும் எப்படியோ எடுத்து வைத்திருந்தேன். நாற்பத்தாறு வயதில், பத்து பெரண்டாம் ஊரில் தொழிற்சாலை ஒன்றில் ஆள் ஏற்றும் பஸ்ஸை ஓட்டக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை எனக்கு அதுதான் முதல்.

வேலையில் சேரும் முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சீனி கூடுதல். ஒரு மாதத்தில் குறைந்தால்தான் பஸ் என்றார்கள்.

அன்றே தேநீரில் சீனியை நிறுத்தினேன். சில நாளில் புரட்டாசியும் பிறந்தது, ஊரோடு நானும் சைவம். நான் இருந்த தாமான் குடியிருப்பில் ஓர் அக்காவின் கடையில் சாப்பாடு: நெய் சோறு, கெட்டித் தேங்காய்ப்பால் குருமா, செம்பனை எண்ணெயில் பொரித்த, சோயாவில் செய்த சைவ மட்டன். விரதம்தானே என்று இரண்டு தட்டு.

மாதக் கடைசியில் சீனி இன்னும் ஏறியிருந்தது.

"மிஷின் கெட்டுப்போச்சா மிஸ்ஸி? நான் விரதம் லா" என்றேன் கிளினிக் தாதியிடம்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆட்டைத்தான் விட்டிருக்கீங்க தம்பி. கொழுப்பை விடலையே."

"கொழுப்புக்கும் சீனிக்கும் என்னா மிஸ்ஸி? கையைப் பாருங்க, குலை வெட்டுன கை, கொழுப்பே இல்ல."

அவர் என் புஜத்தைத் தட்டினார். "சீனியில பெரும்பங்கை இந்தத் தசைதான் வாங்கிக்கணும். இன்சுலின் வந்து கதவைத் தட்டும். நெய், தேங்காய்ப்பால் மாதிரி உறையுற கொழுப்பு அளவு மீறினா, தசையோட உயிரணுக்குள்ள போய்ச் சேரும். அப்புறம் தட்டுறது உள்ள கேக்காது. சீனி ரத்தத்துலயே சுத்திக்கிட்டு இருக்கும்."

"என்னை மாதிரி, ஊர் ஊரா."

"உங்களுக்காவது லைசென்ஸ் இருக்கு" என்று சிரித்தார். தொழிற்சாலையில் பேசி இன்னொரு மாதம் வாங்கிக் கொடுத்தார்.

கடை அக்காவிடம் நெய்யும் குருமாவும் பொரித்ததும் வேண்டாமென்றேன்.

"அப்ப என் கடைக்கு எதுக்குடா வர்ற? காத்தாடிக்குக் கீழ உக்காரவா?" என்று திட்டினார். திட்டிக்கொண்டே பருப்பும் கீரையும் வைத்தார். புரட்டாசி முடிந்ததும் சுட்ட மீன். தினமும் ஒரு மணி நேரம் நடக்கவும் செய்தேன்.

அடுத்த சோதனையில் சீனி இறங்கியது. சாவி கைக்கு வந்தது.

இப்போது உட்கார்ந்தே சம்பாதிக்கிறேன். ஆட்களை இறக்கிவிட்டு, அடுத்த ஷிப்ட் வரை பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். உட்கார்ந்தே கிடக்கும் தசைக்கும் காது மந்தமாம், மிஸ்ஸி சொன்னது.

"அண்ணே, டயரை எத்தனை தடவதான் பாப்பீங்க?" என்று கேட்கிறார் தொழிற்சாலைக் காவலாளி.